வாங்கிய அரிசியும் வழங்கிய அரிசியும்: திருநெல்வேலிக் கிறித்தவரின் கொடைமரபு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகக் கிறித்தவ வரலாற்றைப் பற்றி இதுகாறும் வெளிவந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை மேனாட்டுத் தொண்டர்களின் வாழ்க்கையையும் அவர்கள் தமிழுக்கு ஆற்றிய பணியையும் மதமாற்றத்தின் சமூகக் காரணங்களையுமே பொருளாகக் கொண்டுள்ளன. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் (1856) போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பும் (1886) நம் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் இடையன்குடியிலும் சாயர்புரத்திலும் அவர்களின் போதனையைக் கேட்ட எளிய மக்கள், தாம் ஏற்ற சமயத்தை எவ்வழியில் தமதாக்கிக்கொண்டனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை ஒரு சிறு வழக்கத்தின் வழியாக அணுக முற்படுகிறது. அவ்வழக்கம் பிடியரிசி. உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் எடுத்துவைத்து, வாரம்தோறும் கோயிலுக்குக் கொண்டுசென்று படைக்கும் வழக்கம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிதாகக் கிறித்தவம் தழுவியோர் மீது ஆசிய நாடுகள் பலவற்றிலும் சுமத்தப்பட்ட பழி ஒன்று உண்டு. ‘அரிசிக் கிறித்தவர்’ என்பது அப்பழியின் பெயர். வயிற்றுக்காக மதம் மாறியவர்கள் என்பது அதன் பொருள். பழித்தவர்கள் பேசியது வாங்கிய அரிசியைப் பற்றி. அதே மக்கள் வழங்கிய அரிசியைப் பற்றி அவர்கள் பேசவில்லை. வரலாற்றாசிரியர்களும் அதிகம் பேசவில்லை. திருநெல்வேலிக் கிறித்தவர்கள் தம் சமயத்தில் கண்ட மகிழ்ச்சியின் பெரும்பகுதி, பெற்றதால் விளைந்தது அன்று. தாமும் கொடுக்கத் தக்கவர் என்று உணர்ந்ததால் விளைந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெறுவோர் என்னும் பெயர்

திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபையின் தொடக்கத்திலேயே கொடையாளர் ஒருவர் நிற்கிறார் என்பது பலரும் கவனியாத செய்தி. தஞ்சை மராட்டியப் பார்ப்பனக் குடும்பத்தைச் சார்ந்த கைம்பெண் ஒருவர் 1778-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்னும் பெயரை ஏற்றார். ஆங்கிலப் படை அதிகாரி ஒருவருடன் அவர் வாழ்ந்திருந்த காலத்தில் சுவார்ட்சு அவருக்கு ஞானஸ்நானம் வழங்க மறுத்திருந்தார். அவ்வதிகாரியின் மறைவுக்குப் பின்னரே அது நிகழ்ந்தது. இவ்வம்மையாரின் முயற்சியாலும் பொருளாலும் எழுந்த சிறு கோயில் 1785-இல் திறக்கப்பட்டது. ஊரார் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே வழங்கினர். அவர் வெட்டுவித்த கிணறும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டது. 1780-ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இடம்பெற்ற நாற்பது பேருள் அவரும் ஒருவர். கோயிலும் கிணறும் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்க, அவற்றைச் செய்வித்தவரின் சொற்கள் ஒன்றும் நமக்கு எஞ்சவில்லை. பெண்கள் கொடுத்ததைப் பதிவு செய்யும் வரலாறு அவர்கள் பேசியதைப் பதிவு செய்யாது விடுவது புதிதன்று.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. பனையேறிப் பிழைத்த மக்கள் பெருந்தொகையினராகச் சபையில் சேர்ந்தனர். ஊர்ப் பெரியோரின் பகையால் வீடிழந்தவர்களுக்குப் புகலிடமாக 1799-இல் முதலூர் தோன்றியது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு ஐயர், கிறித்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்புகள் அமைக்கும் பொருட்டு 1830-இல் தரும சங்கத்தை நிறுவினார். சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்னும் இரு ஆங்கிலச் சங்கங்களின் பணத்தால் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் எழுந்தன. உபதேசியார்களின் சம்பளமும் அப்பணத்திலிருந்தே வந்தது. இவையனைத்தும் நன்மைகளே. எனினும் கொடுப்பவர் ஒருவராகவும் பெறுபவர் ஒருவராகவும் பல தலைமுறைகள் நீடித்தால், பெறுபவரின் மனத்தில் ஒரு தாழ்வு நிலைபெறுவது இயல்பு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இதனை உச்சத்திற்குக் கொண்டுசென்றது. நிவாரணப் பணியை அடுத்துப் பல்லாயிரவர் சபையை நாடி வந்தனர். அவர்கள் வந்தது கஞ்சிக்காகவே என்ற பேச்சு அப்போது எழுந்தது. பஞ்சம் நீங்கிய பின்னும் அவர்களுள் பலர் சபையில் நிலைத்திருந்தமையை அப்பேச்சு கணக்கில் கொள்ளவில்லை.

பிடியரிசி

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் ஒரு விந்தையான செய்தியைக் கூறுகிறது. எருசலேமிலுள்ள ஏழைகளுக்காக நிதி திரட்டப்பட்டபோது, மக்கெதோனியா நாட்டுச் சபையார் தாமே கொடிய வறுமையில் இருந்தும், தம் மகிழ்ச்சியின் மிகுதியால் தம் ஆற்றலுக்கு மேல் கொடுத்தனர். அதுமட்டுமன்று, கொடுக்கும் பேறு தமக்கும் வேண்டும் என்று அவர்களே மன்றாடிக் கேட்டனர். இப்பகுதி செல்வருக்குரிய அறவுரை அன்று என்பது ஊன்றி நோக்கத்தக்கது. இங்கு மகிழ்ச்சி கொடைக்கு முன்னரே இருக்கிறது. வறுமை கொடைக்குத் தடையாக இல்லை. திருநெல்வேலிச் சபைகளில் காணிக்கை பற்றிய போதனைக்கு இத்தகைய பகுதிகளே அடிப்படையாயின. கொடுத்து மகிழும் இன்பத்தை அறியாதவரைக் கண்டு திருக்குறளின் ஈகை அதிகாரம் வியப்பதை அறிந்த மக்களுக்கு இப்போதனை முற்றிலும் அயலாகத் தோன்றியிருக்காது.

பிடியரிசி வழக்கத்தின் நடைமுறை மிக எளியது. அடுப்படியில் ஒரு சிறு பானை அல்லது பெட்டி இருக்கும். அன்றாடம் சமையலுக்கு அரிசியை அளந்தெடுத்த பின், அவ்வளவிலிருந்து ஒரு பிடி அதில் இடப்படும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குச் செல்லும். சேர்ந்த அரிசியை விற்று வரும் பணம் ஊழியத்திற்கு உதவும். தனியாக அரிசி வாங்கிப் படைப்பதன்று இது என்பதைக் கவனித்தல் வேண்டும். வீட்டார் உண்ணவிருந்த உணவிலிருந்தே அப்பிடி குறைகிறது. சாத்தான்குளம், நாசரேத்து, இடையன்குடி முதலிய ஊர்களைச் சூழ்ந்த செம்மணல் தேரிக்காடு நெல் விளையும் நிலமன்று. பனையும் கருப்பட்டியும் தரும் வருவாயைக் கொண்டு அரிசியை விலைக்கு வாங்கவேண்டும். பனையேற்றக் காலம் முடிந்தபின் வருவாய் சுருங்கும். ஆண்கள் பலர் இலங்கை முதலான இடங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். அத்தகைய வீடுகளில் ஒரு பிடி என்பது சிறிய அளவன்று.

இவ்வழக்கத்தின் சிறப்பை இன்னொரு கோணத்திலும் காணலாம். காசு ஆண்களின் கையில் இருந்தது. சபைச் சந்தாவைச் செலுத்தியவர்களும், சபை மன்றங்களில் அமர்ந்து அதனைப் பற்றிப் பேசியவர்களும் ஆண்களே. பெண்ணின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த ஒரே களஞ்சியம் அடுக்களைப் பானை. எவரையும் கேளாமல், எவரிடமும் கணக்குக் காட்டாமல் அவள் எடுத்துக் கொடுக்கக்கூடியது அவ்வொரு பிடியே. ஆதலின் பிடியரிசியைப் பெண்களின் கொடை என்று கூறுவதே பொருத்தமாகும். சபைச் சந்தா காலப்போக்கில் வரிபோல் ஆகிவிட்டது என்பதும், அதனைச் செலுத்தாதோர் சபையில் உரிமை குன்றினர் என்பதும் உண்மையே. விருப்பக் கொடைக்கும் கட்டாயத் தீர்வைக்கும் இடையேயான கோடு எல்லாச் சமய நிறுவனங்களிலும் மங்கலாகவே உள்ளது. ஆயின் தினந்தோறும், காண்பாரின்றி, அடுப்பின் அருகே நிகழும் ஒரு செயலைக் கட்டாயத்தால் நடத்திவிட இயலாது. பிடியரிசி பல தலைமுறைகள் நீடித்தது என்பதே அதில் விருப்பம் இருந்ததற்குச் சான்றாகும்.

இஃது கிறித்தவர்க்கு மட்டுமே உரிய வழக்கம் என்று உரிமை கொண்டாட இயலாது. அன்னதானத்திற்காகப் பிடி அரிசி சேர்க்கும் வழக்கம் தமிழகச் சைவ, வைணவ இல்லங்களிலும் உண்டு; காஞ்சி மடத்தின் பிடியரிசித் திட்டம் பலரும் அறிந்தது. 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பும் ஊரார் அளித்த தானியத்தால் எரிந்ததே. வடகிழக்கே மிசோரத்தில் 1910-ஆம் ஆண்டளவில் மிசோக் கிறித்தவப் பெண்கள் தொடங்கிய ஒரு பிடி அரிசிக் காணிக்கை, அம்மக்களின் சபை வருவாயில் முதன்மையான ஒன்றாக வளர்ந்தது. சோறுண்ணும் மக்களிடையே இத்தகைய கொடை தனித்தனியே முளைப்பது வியப்பன்று. நம் நாட்டுத் தமிழர்க்கும் சிறு கொடைகளின் ஆற்றல் புதிதன்று. 1950-களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்த வேளையில், ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் முதலாகப் பலரும் வழங்கிய சிறு தொகைகளே அத்துறையின் தமிழ் நூலகத்திற்கு வித்தாயின. அப்பல்கலைக்கழகத்தின் வாயிலைக் காணாதவர்கள் அதற்கு நூல் வாங்கித் தந்தனர்.

திருநெல்வேலிச் சபைகளின் கொடை பிடியரிசியோடு நிற்கவில்லை. அறுப்பின் பண்டிகையிலும் அசனப் பண்டிகையிலும் காய்கறி, தேங்காய், கருப்பட்டி, கோழி, ஆடு முதலியன படைக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. ஒரு தேங்காய் அதன் விலையைப் போலப் பன்மடங்குக்கு ஏலம் போவதும், ஏலம் எடுத்தவரே அதனை மீண்டும் காணிக்கையாக அளிப்பதும், கூடியிருப்போர் ஆரவாரிப்பதும் அவ்வூர்களில் பிறந்தோர் நன்கறிந்த காட்சிகள். பின்னர் அனைவருக்கும் ஒரே பந்தியில் அசனம் பரிமாறப்படும். கிறித்தவ வரலாற்று நூல்கள் இவற்றை ‘நாட்டு வழக்கம்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மகிழ்ச்சிக்கு வரலாற்றுச் சான்று தேடுவோர் இப்பண்டிகைகளையே முதலில் நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கண்டதும் தோர்ணக்கலில் செய்ததும்

கொடுப்பது சபையின் உள்வழக்கமாக இருந்தவரை அது மேனாட்டுச் சங்கங்களின் கணக்கில் ஒரு துணை வருவாய் மட்டுமே. அதனை ஓர் இயக்கமாக மாற்றியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). வெள்ளாளன்விளையில் நாட்டு ஐயர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா எங்கும் சுற்றினார். 1898-இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். கல்லூரிக் கல்வி கற்ற தென்னிந்தியக் கிறித்தவப் பெண்களுள் முன்னோடியருள் ஒருவர் அவ்வம்மையார். வரதட்சணையின்றி நிகழ்ந்த அத்திருமணத்திற்கான செலவு 40 ரூபாய்க்கும் குறைவு என்று அசரியாவின் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். கொடையைப் பற்றிப் பேசுபவர் முதலில் தம் வீட்டுச் செலவைக் குறைத்துக் காட்டினார் எனலாம்.

1902-இல் யாழ்ப்பாணம் சென்ற அசரியா அங்கு ஒன்றைக் கண்டு நாணினார். யாழ்ப்பாணக் கிறித்தவ மாணவர்கள் தாமே பணம் சேர்த்துத் தமிழகக் கடற்கரையில் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருந்தனர். தம் நாட்டிற்கே தம்மைவிடச் சிறிய சபை ஒன்று ஊழியரை அனுப்புகிறது. நூற்றாண்டைக் கடந்த பெரிய திருநெல்வேலிச் சபையோ தன் எல்லைக்கு வெளியே ஒருவரையும் அனுப்பவில்லை. ஊர் திரும்பிய பின் அவரும் நண்பர்களும் மேற்கொண்ட முயற்சியால் 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணமும் ஆளும் நிருவாகமும் திருநெல்வேலியாருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் அதே நோக்குடன் அனைத்திந்திய அளவில் தோற்றுவிக்கப்பட்டது. அவ்வாண்டு வங்கப் பிரிவினையால் சுதேசி இயக்கம் வலுப்பெற்ற ஆண்டு என்பதையும் இணைத்து நோக்கினால், கொடை என்பது அவர்களுக்கு விடுதலையின் ஒரு கூறாகவும் இருந்தது புலனாகும்.

சங்கம் தேர்ந்த களம், நிஜாம் ஆட்சிக்குட்பட்ட வாரங்கல் மாவட்டத்துத் தோர்ணக்கல். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்திற்குச் செல்லும் கிளைப்பாதை பிரியும் புகைவண்டிச் சந்திப்பு அது. இன்று தெலங்கானா மாநிலத்தில் உள்ளது. பாளையங்கோட்டையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. சாமுவேல் பாக்கியநாதன் என்னும் ஊழியர் 1904-இல் அங்கு அனுப்பப்பட்டார். தேரிக்காட்டுப் பெண்கள் எடுத்துவைத்த அரிசி, தெலுங்கு நாட்டில் மாலர், மாதிகர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் சிற்றூர்களில் பள்ளியாகவும் ஊழியமாகவும் மாறியது. கொடுத்தவர்கள் அவ்வூர்களைக் கண்டதில்லை. அம்மக்களின் மொழியையும் அறியார். 1909-இல் அசரியா தம் செயலாளர் பதவியைத் துறந்து, குருப்பட்டத்தின் முதல்நிலையை ஏற்று, தாமே தோர்ணக்கலுக்குச் சென்றார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அவ்வயதில் தெலுங்கைக் கற்று, மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் சிற்றூர்களைச் சுற்றினார்.

இவ்விடத்தில் வரலாற்றாசிரியர் ஒரு வினாவை எழுப்பியாக வேண்டும். பெறுபவர் கொடுப்பவரானதும், முன்பு தம்மீது காட்டப்பட்ட மேட்டிமையைத் தாமும் பிறர்மீது காட்டத் தொடங்கினரா? தெலுங்குச் சிற்றூர்களில் தமிழ் ஊழியர்களும் அயலாரே. அவர்களுள் சிலர் அந்நிலையைப் பேணியிருக்கவும் கூடும். அசரியா இவ்விடரை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு 1910-ஆம் ஆண்டு சூன் மாதம் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரையே சான்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேனாட்டுப் பேராளர் நிறைந்த அவ்வவையில் ஆசியர் மிகச் சிலரே. வெள்ளைத் தொண்டர்கள் இந்திய உடன் ஊழியர்களைத் தம் வீட்டிற்கு அழைத்து உடன் உண்பதில்லை என்பதை அவர் வெளிப்படையாகக் கூறினார். நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள். அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்பது அவ்வுரையின் முடிவின் சாரம். அவையில் சிலர் கைதட்டினர், சிலர் சினந்தனர். அன்று அவமதிப்பாகக் கருதப்பட்ட அச்சொற்கள் பின்னாளில் அம்மாநாட்டின் மிகச் சிறந்த சொற்களாக நினைக்கப்பட்டன.

கொடையின் வரலாற்றில் அவ்வுரைக்கு உள்ள இடம் போதிய அளவு உணரப்படவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. ஒரே பந்தியில் அமராமல் அளிக்கப்படும் கொடை, பெறுபவரை என்றும் பெறுபவராகவே வைத்திருக்கும். கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சி ஒரு பக்கத்தார்க்கே உரியதாகிவிடும். மேனாட்டார் அறியாமலேயே இந்தியக் கிறித்தவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது இம்மகிழ்ச்சியையே எனலாம்.

1912-ஆம் ஆண்டு திசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. இந்தியர் ஒருவரின் கீழ்ப் பணிபுரிய விரும்பாத மேனாட்டார் சிலர் இருந்தனர். அவர் பிறந்த சாதியைச் சுட்டி மறுத்த இந்தியரும் இருந்தனர். சிறிய மாவட்டமாகத் தொடங்கிய தோர்ணக்கல் அத்தியட்சாதீனம் 1920-களில் ஆந்திரக் கடலோரப் பகுதிகளும் சேர்க்கப்பட்டு விரிந்தது. அவர் மறைந்த 1945-இல் அதன் கிறித்தவர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

அங்கும் அவர் முதலில் கற்பித்தவற்றுள் ஒன்று கொடுத்தல். நிலமற்ற கூலிகளிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று கருதிய மேனாட்டார் உண்டு. அசரியாவின் நோக்கு வேறு. ஏழையிடம் கேளாதிருப்பது அவனை மதியாதிருப்பதாகும் என்பதே அவர் போதனையின் உட்கிடை. திருநெல்வேலியிலிருந்து சென்ற பிடியரிசி வழக்கம் தெலுங்கு நாட்டு அடுக்களைகளிலும் இடம்பெற்றது. அன்பு மாரியம்மாள் அன்னையர் சங்கத்தின் வழியாகச் சிற்றூர்ப் பெண்களை ஒருங்கிணைத்தார். கூலியாகப் பெற்ற தானியத்தில் ஒரு பங்கும், கோழியின் முதல் முட்டையும், கொடியின் முதல் காயும் கோயிலுக்கு வந்தன. அறுவடைத் திருவிழாக்களில் தெலுங்குக் கீர்த்தனைகளும் பறையும் ஆட்டமும் ஒலித்தன. பிறருடைய கோயில் வாசலை நெருங்கவும் அனுமதிக்கப்படாத மக்கள், தம் கோயிலுக்குத் தாமே படையல் கொண்டுசென்றனர் என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வாரவாரத்தின் பொருள் விளங்கும். கொடை பற்றி அசரியா எழுதிய சிறு நூல் அவர் மறைவுக்குப் பின் 1954-இல் இலண்டனிலும் வெளியிடப்பட்டுப் பிற நாட்டுச் சபைகளிலும் பயிலப்பட்டது. பணம் திரட்டும் உத்திகளைக் கூறும் நூலன்று அது. இறைவன் கொடுத்ததற்கு மறுமொழியாகவே மனிதன் கொடுக்கிறான் என்பதே அதன் அடிப்படை.

தோர்ணக்கல் பேராலயத்தின் பணி 1914-இல் தொடங்கி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீண்டு, 1939-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் நிறைவெய்தியது. குவிமாடங்களும் மண்டபத் தூண்களும் தாமரை வடிவங்களும் கலந்த அக்கட்டடத்தில் இந்து, இசுலாமியக் கட்டடக் கலைகளின் சாயலைக் காணலாம்.

இப்பணிக்கு எதிர்ப்பும் இருந்தது. காந்தியடிகள் 1930-களில் ‘ஹரிஜன்’ இதழில் மதமாற்றத்தைக் கடுமையாகச் சாடினார். தொண்டு தொண்டாகவே நிற்றல் வேண்டும். ஒடுக்கப்பட்டோரின் வறுமையைப் பயன்படுத்தி அவர்களை மதம் மாற்றலாகாது என்பது அவர் கொள்கை. கொள்கை அளவில் இதனை எளிதில் தள்ள இயலாது. ஆயினும் மாலரும் மாதிகரும் தமக்கு எது வேண்டும் எனத் தாமே தெரிந்துகொள்ள வல்லவர் என்பதை அவ்வாதம் போதிய அளவு மதித்ததாகத் தெரியவில்லை. ‘அரிசிக் கிறித்தவர்’ என்னும் பழைய பழியின் நிழல் அதிலும் படிந்துள்ளது. பெறுவதற்காகவே வந்தவர்கள் பல்லாண்டுகள் கொடுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள் என்பதே அதற்குத் தோர்ணக்கல் தந்த விடை.

திருப்பத்தூரில் இரு அண்ணன்மார்

எடின்பரோவில் அசரியா கேட்ட நட்பு பெரும்பாலான மிஷன் வளாகங்களில் நெடுங்காலம் கிட்டவில்லை. அது கிட்டிய இடங்களுள் ஒன்று அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துத் திருப்பத்தூர். தேசிய மிஷனெரி சங்கத்தோடு தொடர்புடைய மருத்துவர் சவரிராயன் இயேசுதாசனும் ஸ்காட்லாந்தைச் சார்ந்த மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921-இல் அங்குக் கிறிஸ்து குல ஆசிரமத்தை நிறுவினர். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. பேட்டன், அல்லோவா நகரில் நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். தம் பொருளை ஆசிரமப் பணிக்கு வழங்கினார். கதர் உடுத்து, மரக்கறி உண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் செய்து இருவரும் வாழ்ந்தனர். திராவிடக் கோயிற் பாணியில் ஆசிரமத்திற்கு ஓர் ஆலயம் எழுந்தது.

செல்வர் ஒருவர் தம் செல்வத்தைத் துறந்து இந்தியாவில் தொண்டு செய்தார் என்பது மட்டும் ஆயின் இது பழைய கதையின் மறுபதிப்பே. திருப்பத்தூரில் புதுமை வேறிடத்தில் இருந்தது. ஆசிரமத்தின் தலைமை இந்தியரிடம் இருந்தது. பொருள் கொடுத்தவர் அவருக்கு இளையவராக நடந்துகொண்டார். ஆட்சியினரின் ஐயத்திற்கும் பேட்டன் ஆளானார். 1932-இல் சென்னையில், சட்டமறுப்பு இயக்கத்தின் போது, கதருடுத்திய இவ்வெள்ளையரைக் காவல்துறையினர் நிறநீரைப் பீய்ச்சி அடித்துத் தடியாலும் தாக்கிய செய்தி இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை எட்டியது.

ஆசிரமத்தார் இயேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஊராரும் நோயாளிகளும் அவ்வாறே அழைக்கலாயினர். உணவு வேளையில் மருத்துவரும் பணியாளரும் விருந்தினரும் சாதி, இன வேறுபாடின்றித் தரையில் ஒரே வரிசையாக அமர்ந்து உண்டனர்.